வரவில்லை என்ற முத்திரை

மரப்பிடி போட்ட அந்தச் சிவப்பு முத்திரை இன்றைக்கும் என் மேசைமேல்தான் இருக்கிறது. 'வரவில்லை' என்று பர்மிய எழுத்தில் செதுக்கியது. யாங்கோனில் ஓர் ஆஸ்பத்திரியின் பெண்கள் புற்றுநோய்ப் பிரிவில் பெயர் கூப்பிடுவது என் வேலை. மூன்று முறை கூப்பிடுவேன். ஆள் எழுந்து வராவிட்டால் அட்டையில் ஒரே குத்து. என் வேகம் யாருக்கு வரும் என்ற திமிர்கூட இருந்தது எனக்கு.

எங்கள் டாக்டர், யாங்கோனின் பசுந்தாங் பகுதியில் துணிக்கடை வைத்திருந்த தமிழ் முஸ்லிம் குடும்பத்துப் பெண். இங்கே டாக்டரையும் டீச்சரையும் மரியாதையாக அழைப்பதுபோல நானும் அவரை 'சயாமா' என்றுதான் கூப்பிடுவேன். அறுவை சிகிச்சையில் கைராசிக்காரர். அவரை அரித்துக்கொண்டிருந்தது ஒரே கேள்வி: கருப்பை வாய்ப் புற்றுநோய் வந்த பர்மியப் பெண்கள் பலர் பிழைத்து வீடு திரும்பும்போது, நம் தமிழ்ப் பெண்கள் மட்டும் ஏன் நோய் முற்றிய பிறகே வந்து சேர்கிறார்கள்? கூட்டத்தில் இதைக் கேட்டால் பெரிய டாக்டர்கள் உதட்டைப் பிதுக்குவார்கள். கலாப் பெண்கள் கூப்பிட்டாலும் வரமாட்டார்கள் என்பார்கள். 'கலா' என்பது எங்கள் இனத்துக்கு இங்கே வைத்திருக்கும் இளக்காரப் பெயர். சயாமா கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். உள்ளே கொதிக்கிறது என்று அதற்கு அர்த்தம்.

ஒருநாள் நான் முத்திரை குத்திய அட்டைகளையெல்லாம் எடுத்துவரச் சொன்னார். முதல் அட்டையில் டோ கின் ஏ என்ற பர்மியப் பெயர், ஊர் ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் டாலா. டாலா முகாமில் எடுத்த சதைப் பரிசோதனையில் புற்று என்று தெரிந்து ஆறு வாரம் ஆகியிருந்தது. அந்தம்மாவுக்கு அது தெரியாது. சயாமா பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார், நானும் பின்னாலேயே ஓடினேன்.

படகில் ஆற்றைக் கடந்து, சைக்கிள் வண்டியில் குலுங்கிக்கொண்டு போனோம். அந்தத் தெருவில் டோ கின் ஏ என்பவரை ஒருவருக்கும் தெரியவில்லை. வெயில் மண்டையைப் பிளந்தது. முகவரி பொய், திரும்பிவிடலாம் என்று முணுமுணுத்தேன். சயாமா காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. வாசலில் சமூசா பொரித்துக்கொண்டிருந்த ஓர் அம்மாவிடம், அட்டையில் இருந்த தகப்பனார் பெயரைச் சொல்லித் தமிழில் விசாரித்தார். மாரிமுத்து என்றதும் அந்தம்மா நிமிர்ந்தார். அது தன் அப்பா என்றார். அவர் பெயர் பாக்கியம். தகரப்பெட்டியிலிருந்து எடுத்துவந்த அடையாள அட்டையில் டோ கின் ஏ என்று இருந்தது. கொழுந்தனார் எந்தக் காலத்திலோ ஆள் பிடித்து பர்மியப் பெயரில் எடுத்துக்கொடுத்த அட்டை. படிக்கத் தெரியாத அவர், அதில் என்ன பெயர் இருக்கிறது என்றே அறியாமல் அதை எங்கள் ஜன்னலில் நீட்டிவிட்டு உட்கார்ந்திருக்கிறார்.

"நான் வந்தேனே சயாமா. ரெண்டு தடவை வந்தேன். சாயங்காலம் வரைக்கும் பெஞ்சிலயே உக்காந்திருந்தேன். என்னைய யாருமே கூப்பிடலை."

என் கண்ணெதிரே உட்கார்ந்திருந்தவருக்குத்தான் 'வரவில்லை' என்று குத்தியிருக்கிறேன். வீட்டில் நான் செல்வி, அடையாள அட்டையில் மா தின் தின். சயாமாவுக்கும் அப்படித்தான், வீட்டில் ஒன்று, அட்டையில் ஒன்று. யாங்கோன் தமிழர் பாதிப் பேருக்கு இரண்டு பெயர். ஆனாலும் எங்கள் இருவருக்குமே அது உறைக்கவில்லை. சயாமா என்னைத் திட்டியிருந்தால் மனசு ஆறியிருக்கும். திட்டவில்லை.

பாக்கியத்தைக் கையோடு அழைத்துவந்து அந்த வாரமே அறுவை சிகிச்சை செய்தார். நோய் கொஞ்சம் பரவியிருந்தது, ஆனாலும் கைமீறவில்லை. முத்திரையைக் குப்பையில் போடப் போனேன். கண்ணில் படும்படி வைத்துக்கொள் என்றார் சயாமா.

அதன் பிறகு பல வருஷம், ஞாயிற்றுக்கிழமையென்றால் நாங்கள் இருவரும் தெருத்தெருவாக அலைந்து அட்டைக்காரர்களைத் தேடினோம். சில வீடுகளில் மாலை போட்ட படம்தான் இருந்தது. அந்த வீட்டு வாசல்களை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். கண்டதையெல்லாம் சயாமா ஆய்வாக எழுதினார். அதே பெரிய டாக்டர்கள் முன்னால் அட்டைகளைப் பரப்பி வைத்துச் சொன்னார்: "அவங்க வந்தாங்க. நாமதான் கூப்பிடலை." கடைசி வரிசையில் நின்ற எனக்குப் பெருமை தாங்கவில்லை, கண்ணீரும் நிற்கவில்லை. இப்போது ஒவ்வோர் அட்டையிலும் 'வீட்டுப் பெயர்' என்று ஒரு வரி உண்டு. பரிசோதனையைத் தமிழில் விளக்க ஒரு பெண் உண்டு. வேறு ஆஸ்பத்திரிகளும் அந்த வரியைச் சேர்த்துக்கொண்டன. இதைச் சொல்லித்தர வெளிநாட்டிலிருந்து சயாமாவைக் கூப்பிடுகிறார்கள்.

போன வருஷம் ஓய்வுபெற்றார். போன வாரம் பாக்கியத்தை இரண்டு பெயரும் சொல்லி வருஷப் பரிசோதனைக்குக் கூப்பிட்டுவிட்டு, அடுத்த அட்டையை எடுத்தால் சயாமாவின் அட்டை! தன் பரிசோதனைக்கு வந்து, எல்லாரோடும் பெஞ்சில் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். அட்டைப் பெயரைக் கூப்பிட்டேன். அசையவில்லை. இத்தனை வருஷத்தில் என் வாயால் சொல்லியே இராத அவருடைய வீட்டுப் பெயரைக் கூப்பிட்டேன். சிரித்துக்கொண்டே எழுந்து வந்தார். மேசைமேல் இருந்த முத்திரையை ஒரு பார்வை பார்த்தார்.

"வந்துட்டேம்மா. குத்திடாதே."