பத்து மடங்கு கூர்மையான கண்

தேயிலை பெக்டரியில் எலக்ட்ரீசியன் வேலை என்பது, அடுத்தவர் கெடுத்ததைச் சரிசெய்துவிட்டு, நாமே கெடுத்ததாக ஏச்சு வாங்குவது. சோல்டரிங் அயனில் ஒருமுறையாவது விரலைச் சுட்டுக்கொண்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். சபையில் பேச வராது. எண்ணிக் கணக்குப் பார்க்க மட்டும் வரும்.

பெரிசாத் தெரிஞ்சா நல்லது

தொண்ணூறுகளில், மாத்தளைக்கு மேலே எங்கள் பெக்டரியில் தேயிலைத் தூளிலிருந்து குச்சி பிரிக்கும் மெசின் ஒன்று இருந்தது. பெல்ட்டில் வரும் தூளை, ஒளியை உணரும் பதினாறு கண்கள் பார்க்கும். வெளிறிய குச்சி தெரிந்தால் குழாய் காற்றை ஊதி அதைத் தள்ளிவிடும். கண் கொடுக்கும் கரண்ட் மிகச் சிறியது. அதை வோல்டேஜாக மாற்றிப் பெரிதாக்க ஒவ்வொரு கண்ணுக்கும் ஓர் ஆம்ப்ளிஃபையர்.

சின்னக் குச்சிகள் தப்புகின்றன என்று வெளியிலிருந்து ஓர் இன்ஜினியரைக் கூப்பிட்டார்கள். அவர் பதினாறு ஆம்ப்ளிஃபையரிலும் ஒரு மெக், அதாவது பத்து லட்சம் ஓம், ரெசிஸ்டரைக் கழற்றிப் பத்து மெக் போட்டார். பக்கத்துக் கெப்பாசிட்டரைத் தொடவில்லை. பழைய பதினாறும் அவர் சட்டைப் பைக்குள் போயின. "வேகம் குறையாதாங்க?" என்றேன், எனக்கே கேட்காத குரலில். அவர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னார்.

"பெரிசாத் தெரிஞ்சா நல்லதுதானே, ஒங்களுக்கு அதுல என்னா நோவு?"

லெட்சுமியின் துணி

கொழுந்து குவிந்த மாதம் அது. பெக்டரியை நடத்தும் டீமேக்கர் ஐயா பெல்ட்டின் வேகத்தைக் கூட்டினார். தூளில் குச்சி மலிந்தது. தூளை வாங்கும் கொழும்புக் கம்பெனியிலிருந்து குறை எழுதி வந்தது. பழி, மெசினைப் பார்த்துக்கொண்ட லெட்சுமி மேல். கண்களின் மேலிருக்கும் கண்ணாடியைத் துடைக்கவில்லையாம். திங்கட்கிழமை முதல் அவள் கொழுந்து பறிக்க மலைக்குப் போக வேண்டும் என்றார் ஐயா. சரிவில் விழுந்து முறிந்த கால் கோணலாகக் கூடியவள் அவள். அந்த மலையில் பத்தடி ஏற முடியாது. இது ஐயாவுக்கும் தெரியும்.

அவள் துணியை என்னிடம் நீட்டிக் காட்டினாள்.

"ஒரு நாளைக்கு நாலு தடவ தொடைக்கிறேண்ணே. அஞ்சாந்தடவ தொடைச்சா கண்ணாடியே தேஞ்சிரும்."

ஐம்பது குச்சி

வாயால் முடியாததை எண்ணிக்கையால் செய்யப் பார்த்தேன். ஐம்பது குச்சியை எண்ணித் தூளோடு கலந்து விட்டேன். பழைய வேகத்தில் நாற்பத்தொன்று வெளியேறின. புது வேகத்தில் பதினேழு. மூன்று முறை விட்டும் இரண்டுக்கு மேல் வித்தியாசமில்லை.

காரணம் இதுதான். ரெசிஸ்டர் பெரிதானால் வோல்டேஜும் பெரிதாகும். ஆனால் பக்கத்துக் கெப்பாசிட்டரோடு சேர்ந்து, அந்த உயரத்துக்கு எழ அதிக நேரம் எடுக்கும். எவ்வளவு விரைவான மாற்றம் வரை ஆம்ப்ளிஃபையர் ஈடுகொடுக்கும் என்பதைத்தான் பேண்ட்விட்த் என்பார்கள். எங்களுடையது பத்தில் ஒன்றாகிவிட்டது. வோல்டேஜ் எழுவதற்குள் குச்சி போய்விடும்; காற்று, பின்னால் வரும் நல்ல தூளை அடிக்கும். இவ்வளவையும் ஓர் அட்டையில் எழுதி டீமேக்கர் ஐயாவின் மேசையில் வைத்தேன். அவர் முதல் வரியைத் தாண்டவில்லை.

"குச்சி எண்ணச் சொல்லி ஒனக்கு எவன்யா சொன்னது?"

செக்பொயின்ட்டில் பாடம்

ஒரு மெக் ரெசிஸ்டர் பதினாறு வாங்க சனிக்கிழமை மாத்தளைக்குப் பஸ் ஏறினேன். அளவு ஒத்துப்பார்க்க ஓர் ஆம்ப்ளிஃபையர் போர்டும் பையில் இருந்தது. யுத்த காலம்; வழியில் ராணுவ செக்பொயின்ட்டில் எல்லோரையும் இறக்கினார்கள். தமிழன் பையில் கம்பி தொங்கும் போர்டு என்றால் குண்டு என்றுதானே நினைப்பார்கள்! ஒரு சிப்பாய் என்னை ஓரமாக நிறுத்தினார். என் வாழ்நாளில் நான் விடாமல் பேசியது அன்றுதான். நாற்பது நிமிடம், எனக்குத் தெரிந்த சிங்களத்தில். கண், குச்சி, காற்று, ரெசிஸ்டர் என்று ஒன்றையும் விடவில்லை. அவர் இரண்டு கேள்வி கேட்டார். இரண்டும் சரியான கேள்விகள். பிறகு போர்டைத் திருப்பித் தந்து, சிங்களத்தில் சொன்னார்.

"வெளங்கிருச்சு ஐயா. வேகமாப் போறத பாக்கணும்னா கண்ணும் வேகமா இருக்கணும். ஆனா ஒங்க பஸ் போயிருச்சு."

திங்கட்கிழமை

மிச்ச ஐந்து மைலை நடந்து போய் வாங்கி வந்து, ஞாயிறு முழுவதும் இருந்து பதினாறையும் மாற்றினேன். திங்கள் காலை, தோட்டத்துக்கே மேலதிகாரியான பெரியதொரை குறையை விசாரிக்க வந்தார். அவர் முன்னால் புது வேகத்திலேயே ஐம்பது குச்சியை விட்டேன். முப்பத்தொன்பது வெளியேறின. மிகச் சின்னவை பதினொன்று தப்பின; ஒரு மெக்கில் அவை தெரியாது, அதையும் ஒரு புது அட்டையில் மறைக்காமல் எழுதியிருந்தேன். அன்று மலைக்குப் போக வேண்டியிருந்த லெட்சுமி மெசின் பக்கத்தில், துணியைச் சுருட்டிப் பிடித்தபடி நின்றாள். "மெசின இனி இந்தப் பொண்ணே பாக்கட்டும்" என்றார் தொரை. அட்டையை நீட்ட நான் கையைத் தூக்குவதற்குள் டீமேக்கர் ஐயா முன்னால் வந்துவிட்டார்.

"பாத்தீங்களா சேர், ஒரு சத்தம் போட்டதும் எவ்வளவு சுத்தமாத் தொடைக்கிறா!"

ஆம்ப்ளிஃபையர் தாமதமாகப் புரிந்துகொள்வதைக் குறைக்க மாத்தளைக் கடையில் ரெசிஸ்டர் கிடைத்தது. ஐயாமாருக்கு அப்படி ஒரு சாமான் அங்கே இன்றுவரை வரவில்லை.