கண்ணாடி வெயில்

அந்த வருடம் குளிர்காலம் முழுக்க என் கால் எலும்புகள் வலித்தன. சதை அல்ல, எலும்பு. ஊரைவிட்டு வந்து குடியேறிய மனுரேவாவில் எங்கள் வாடகை வீட்டு வாசற்படிகளில் ஏறக்கூடக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்குவேன். வைத்தியர் முழங்காலைத் தட்டிப் பார்த்தார். ஊரில் இன்னும் யார் இருக்கிறார்கள் என்று கேட்டார். அம்மாவும் தம்பியும் இருக்கிறார்கள், அங்கே சண்டை நடக்கிறது என்றதும் அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. யோசனையால் வருகிற வலியாம். வலிக்குப் பனடோல் மாத்திரை போடச் சொல்லி அனுப்பிவிட்டார்.

என் கணவருக்கு அது நல்ல வசதியாகப் போய்விட்டது. "உமக்கு நோய் வருத்தம் ஒண்டுமில்லை. யோசினைதான்" என்று காலையும் மாலையும் சொல்லத் தொடங்கினார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். யோசனை எங்கேயாவது காலெலும்புக்குள் போய்க் குந்துமா? எனக்கு என்ன நோய் என்று யாராவது ஒருவர் சொன்னால் போதும் என்றிருந்தது. இல்லாவிட்டால் எனக்கே என்மேல் சந்தேகம் வந்துவிடும்போலிருந்தது.

அந்த நேரத்தில்தான் ஆமை வந்தது. கணவருடைய வேலையிடத்து வெள்ளைக்காரர் ஒருவர் ஆஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்தார். ஆமையை அங்கே கொண்டுபோக விடமாட்டார்களாம். உள்ளங்கை அளவான தரை ஆமைக் குட்டி அது. கூடவே தந்த விளக்கு காரிலேயே உடைந்துபோனது. வெயில் இருக்கும்போது விளக்கு எதற்கு என்று விட்டுவிட்டோம். ஆமை வீட்டுக்கு ஆகாது என்று தெரிந்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். ஏற்கெனவே வாசற்படி ஏற முடியாமல் இருப்பவளுக்கு இனி என்ன ஆகாமல் போகப்போகிறது என்று நான் அதை வைத்துக்கொண்டேன்.

எட்டு வயது மகள் ஒரே பிடியாக நின்றாள். ஆணா பெண்ணா என்று தெரிந்தால்தான் பெயர் வைப்பாளாம். கணவர் ஆமையைப் புரட்டிப் போட்டு டோர்ச் அடித்துப் பார்த்தார். "வயிறு தட்டையாக் கிடக்கு. இது பெட்டைதான்" என்று தீர்ப்புச் சொன்னார். மகள் நம்பவில்லை. அப்பாவுக்கு இதெல்லாம் தெரியாது என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுப் போனாள்.

நான் அதை ஒரு குறையுமில்லாமல் பார்த்துக்கொண்டேன். பால்சோறு, வாழைப்பழம், சில நாட்களில் பாலில் நனைத்த பாண் துண்டு. ஓட்டுக்கு நல்லெண்ணெய் பூசித் துடைப்பேன், பளபளவென்று இருக்கும். என் கால்களுக்கும் அதே போத்தல்தான். கிழமை நாட்களில் இருட்டில் வேலைக்குப் போய், ஜன்னலே இல்லாத கிடங்கில் பெட்டி கட்டிவிட்டு, இருட்டில் திரும்புவேன். சனி ஞாயிறில் முன்னறை ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டு, ஆமையை மடியில் வைத்துக்கொண்டு வெயில் காய்வேன். வெளியே போனால் நீளக்கைச் சட்டை, தொப்பி. இந்த நாட்டு வெயில் தோலில் புற்றுநோய் கொண்டுவரும் என்று டிவியில் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பயந்துதான் இருந்தோம்.

குளிர் கூடக் கூட ஆமை நடப்பதை விட்டுவிட்டது. "ஆமையெண்டால் மாரிக்கு நித்திரை கொள்ளும்" என்றார் கணவர். அவரிடம் எல்லாவற்றுக்கும் ஒரு விளக்கம் இருந்தது.

கடைசியில் மகளின் கரைச்சல் தாங்காமல்தான் மிருக வைத்தியரிடம் போனோம். ஆணா பெண்ணா என்று மட்டும் கேட்டுக்கொண்டு வருவதாகத்தான் எண்ணம்.

வைத்தியர் ஓர் இளம் பெண். ஆமையைப் புரட்டி வாலைப் பார்த்தார். இப்போது யாராலும் சொல்ல முடியாது என்றார். இன்னும் பல வருடம் வளரவேண்டுமாம். ஆண் என்றால் வால் நீண்டு தடிக்கும், வயிற்றுப்பக்க ஓடு உள்ளே குழியும். குட்டியாக இருக்கும்போது எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்குமாம். மகளின் முகம் விழுந்துபோனது.

பிறகு அவர் பெருவிரலால் ஓட்டின்மேல் அமத்தினார். பிளாஸ்டிக் பால் போத்தல் அமுங்குவதுபோல ஓடு உள்ளே போய் வெளியே வந்தது.

என்ன கொடுக்கிறீர்கள் என்று கேட்டார். சொன்னேன். விரலை முகர்ந்து பார்த்து, இது என்ன என்றார். நல்லெண்ணெய் என்றேன். அவர் கண்ணை மூடித் திறந்தார். சோறு, பால், பழம், எண்ணெய் எதுவும் கூடாதாம். புல்லுக்குள் முளைக்கும் களை இலைகள், கணவாய் மீனின் ஓட்டுத் தூள், குளிக்க இளஞ்சூட்டில் கொஞ்சம் தண்ணீர், இதற்கென்றே விற்கும் விளக்கு. வெயில் காட்டுகிறீர்களா என்று கேட்டபோது எனக்கு உயிர் வந்தது. கிழமை தவறாமல் என்னோடு ஜன்னலடியில்தான் இருக்கிறது என்றேன்.

"கண்ணாடிக்கு உள்ளேயா?" என்று கேட்டார். கண்ணாடி சூட்டை மட்டும்தான் உள்ளே விடும், எலும்புக்கு வேண்டியதை மறித்துவிடும் என்றார். "இது தூங்கவில்லை. கால் ஊன்றினால் வலிக்கிறது, அதனால்தான் நடக்கவில்லை."

குனிந்து, அவர் ஓட்டை அமத்தியது போலவே என் முழங்காலுக்குக் கீழே எலும்பை அமத்தினேன். உயிர் போய் வந்தது. மனிதருக்கும் அப்படித்தானா என்று என் அரைகுறை ஆங்கிலத்தில் கேட்டேன்.

"இவவுக்கு யோசினை கூட..." என்று கணவர் தொடங்கினார்.

"நீங்கள் வாயை மூடுங்கோ" என்றேன். கலியாணம் கட்டி அன்றைக்குத்தான் அப்படிச் சொன்னேன்.

மனிதருக்கு வைத்தியம் சொல்லத் தனக்கு அனுமதியில்லை என்றார் அந்தப் பெண். சொல்லிவிட்டு, என்ன இரத்தப் பரிசோதனை கேட்கவேண்டும் என்று மெதுவாகச் சொன்னார்.

எங்கள் வைத்தியர் பரிசோதனை முடிவை இரண்டு தரம் வாசித்தார். வெயில் படாமல் எலும்பு இளகிப்போயிருக்கிறதாம். இன்னும் விட்டிருந்தால் சும்மா நடக்கும்போதே வெடித்திருக்கலாமாம். மருந்து எடுத்தால் மாறும் என்றார். சந்தோஷப்படுவதா, அவருடைய மேசையைத் தூக்கிக் கவிழ்ப்பதா என்று தெரியாமல் இருந்தேன்.

வீட்டுக்கு வந்தபோது ஆமை புது விளக்கின் கீழ் தலையை வெளியே நீட்டியபடி செத்துக் கிடந்தது. பெயர் வைக்காமலே போய்விட்டது. கணவர் அதைத் துணியில் சுற்றிப் புதைக்கப் பின்வளவுக்குக் கொண்டுபோனார்.

மகள் அழவில்லை, அவர் பின்னால் போகவும் இல்லை. என் முன்னால் வந்து குந்தி, சேலையைக் கொஞ்சம் விலக்கி, பெருவிரலால் என் கால் எலும்பை அமத்திப் பார்த்தாள். எனக்கு உயிர் போய் வந்தது. வலிக்கிறதா என்று கேட்டாள்.

குளிர்காலம் முழுக்க வலிக்கிறது வலிக்கிறது என்று கத்தியவள் நான். இல்லை என்றேன்.