நாலு விரல் கூட

யார் குழந்தையைக் கொண்டுவந்தாலும் நெரேய்தா முகத்தைப் பார்ப்பதில்லை. உள்ளங்காலைத் திருப்பிப் பார்ப்பார். பிறகு மணிக்கட்டை இரண்டு விரலால் வளைத்துப் பிடிப்பார். உதட்டில் கவ்விய குண்டூசிகளை எடுக்காமலே, "உசரம் தெரியணும்னா அப்பன் ஆத்தா ரெண்டு பேரும் வரணும். காலையில, வெறுங்காலோட" என்பார்.

ஹுவான் தியாஸ் குதிரைப் பந்தய மைதானத்தின் பின்சந்தில், லாயங்களுக்கு எதிரே அவருடைய தையற்கடை. பனாமா நகரத்துச் சவாரிக்காரர்களில் பாதிப் பேர் போடும் வெள்ளைக் காற்சட்டை அவர் வெட்டியது. மற்ற பேட்டைகளில் பிள்ளை உயரமாக வருவானா என்று கேட்பார்கள். சவாரிக்கு ஆள் குள்ளமாக இருக்கவேண்டும் என்பதால் எங்கள் சந்தில், "குள்ளமாவே நின்னுடுவானா அக்கா?" என்று கேட்பார்கள்.

ஒரு நீளப் பட்டு நாடாவில் தகப்பனின் உயரத்தை எடுத்து, அது முடியும் இடத்திலிருந்து தாயின் உயரத்தைத் தொடர்வார். கொண்டை இருந்தால் உள்ளங்கையால் அமுக்கிவிட்டுத்தான் அளவு. மொத்தத்தையும் சரிபாதியாக மடிப்பார். ஆண் என்றால் நாலு விரல் கூட்டுவார். பெண் என்றால் நாலு விரல் கழிப்பார். அவருடைய மாமியார் காலத்தில் அது மூன்று விரல்தான். வளர்ந்து ஆளான பிள்ளைகளைத் தெருவில் நிறுத்தி நிறுத்தி அளந்து, நாலாக்கியது இவர். மத்தியானத்துக்கு மேல் நாடாவைத் தொடமாட்டார். பொழுது ஏற ஏற மனிதன் அமுங்கிப் போகிறான் என்பது அவர் கண்டது.

தப்பியதே இல்லையா என்று கேட்டால் மழுப்பமாட்டார். "நான் பெத்த புள்ளைக்கே தப்பிடுச்சு. குள்ளமா நிக்கணும்கிற ஆசையில என் நாலு விரலும் ஒல்லியாயிடுச்சு. அந்தத் தப்பு நெடுநெடுன்னு வளந்து, பந்தயம் தொடங்குற இடத்துல குதிரைய அடக்கிப் புடிச்சிட்டு நிக்குது, போய்ப் பாரு" என்று சொல்லிவிட்டுப் பெருமையாகத் துணியை உதறுவார்.

போன திங்கட்கிழமை அப்தியேல் வந்திருந்தான். அவன், அவன் அப்பா, அப்பாவின் அப்பா, எல்லோரும் சவாரிக்காரர்கள். அப்பாவின் சேணம் அவன் வீட்டுச் சுவரில் தொங்குகிறது. சவாரிப் பள்ளியில் புதிதாகச் சேர்ந்த சித்தப்பா மகன் அதைக் கேட்கிறான். அப்தியேலோ தன் மூன்று வயது எலியேசெருக்கென்று வைத்திருக்கிறான். கொடுப்பதா, வைத்துக்கொள்வதா என்று அன்றைக்குத் தெரிந்தாகவேண்டும். கூட வந்த மனைவி யாமிலெத் கொலோன் ஊர்க்காரி. அவள் மோவாயளவுதான் இவன். வெற்றிப் படங்களில் எல்லாம் அவள் ஒரு காலை மடக்கி நிற்பாள்.

அப்தியேல் சுவரோடு நின்றான். நெரேய்தா நாடாவைப் பாதிவரை இறக்கிவிட்டு நிறுத்தினார்.

"முழங்கால நிமுத்து."

"நிமுந்துதான்க்கா நிக்கிறேன்."

"உன் காலுக்குத் துணி வெட்டுறவ நான். சுருக்கம் எதுக்கு விழுதுன்னு எனக்குத் தெரியாதா?"

வாசலில் நின்ற லாயக்காரர்கள் சிரித்தார்கள். அவன் காதுமடல் சிவக்க நிமிர்ந்தான். அடுத்து யாமிலெத் சுவரோரம் போனாள். யாரும் சொல்லாமலே தோளைத் தாழ்த்திக்கொண்டாள். நெரேய்தா வாயைத் திறப்பதற்குள் அப்தியேல் முந்திக்கொண்டான்.

"எனக்காகக் குறுகாத யாமி. நல்லா நிமுந்து நில்லு."

அவள் நிமிர்ந்ததும் பின்னாலிருந்த நாட்காட்டி முழுதாக மறைந்தது.

நெரேய்தா நாடாவை மடித்தார். நாலு விரல் வைத்தார். மறுபடி பிரித்து, இன்னொரு முறை மடித்து வைத்தார். எலியேசெர் பொத்தான் டப்பாவைத் தரையில் கவிழ்த்துக்கொண்டிருந்தான்.

"சேணத்த உன் தம்பிக்கே குடுத்துடு அப்தியேல்" என்றார்.

அப்தியேல் தரையில் குந்தினான். பொத்தான்களைப் பொறுக்கி டப்பாவில் போட்டான். பிறகு எழுந்து, "எதுவரைக்கும் வருவான்? காட்டு, அக்கா" என்றான்.

நெரேய்தா நாடாவின் ஒரு முனையைக் காலால் தரையோடு மிதித்து, மறுமுனையைச் சுவரில் ஏற்றிக் கட்டைவிரலால் அழுத்தினார். அப்தியேலின் உச்சந்தலைக்கு மேலே ஏறக்குறைய இன்னொரு தலை உயரம்.

"எங்க குடும்பத்துல ஒருத்தனும் அந்த உசரத்துக்குப் போனதில்ல" என்றான், வாசலில் இருப்பவர்களுக்கும் கேட்கும்படி.

அவன் அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தான். நெரேய்தாவும் குள்ளம்தான்.  தூக்கிய கையின் முழங்கையை இன்னொரு கையால் தாங்கிக்கொண்டார். சுவரிலிருந்து கட்டைவிரலை எடுக்கவில்லை.