கூரைக்காகப் பாடிய ராணி

எங்கள் மன்றத்தின் நாடகக் கொட்டகை சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு நெசவாளர் தெருவின் கோடியில் இருந்தது. எழுபதுகளின் தொடக்கத்தில் அதன் கூரை எங்களைக் கைவிட்டது. உத்தரங்களைக் கரையான் தின்று, ஓடுகள் சரிந்து, ஐப்பசி பிறந்தால் மேடையிலேயே ஒழுகியது. நான் பள்ளிக்கூட வாத்தியார். ரசீது எழுதத் தெரிந்தவன் என்று காரியதரிசி வேலையை என் தலையில் கட்டியிருந்தார்கள். நன்கொடை கேட்டு அலைவதும் என் பாடாயிற்று.

கூட வந்தவர் எங்கள் நாடகங்களின் ராணி. பெண் வேடம் கட்டும் நெசவாளி, ஐம்பதைத் தாண்டியவர். தறிக்கு ஓய்வு கிடைக்கும் அமாவாசைகளிலும் ஞாயிறு மாலைகளிலும் என்னோடு வருவார். என்னைக் கண்டால் "அப்புறம் வாங்க சார்" என்று உள்ளே போகிறவர்கள், அவரைக் கண்டதும் நின்றுவிடுவார்கள்.

"அட, நம்ம ராணி! ஒரு பாட்டு பாடுப்பா."

அவர் செருப்பைக் கழற்றிவிட்டுப் பாடுவார். மேடையில் பாடும் அதே உச்சக் குரலில், வெயிலில் நின்றபடி.

பட்டுக்கடை முதலாளி ஒருவர் வீட்டில் மெட்ராஸிலிருந்து விருந்தாளிகள் வந்திருந்தார்கள். அவர்களுக்காக மூன்று பாட்டுகள் பாடச் சொன்னார். முடிந்ததும், "கணக்குப்பிள்ளைய நாளைக்கு வந்து பாருங்க" என்று எழுந்து போய்விட்டார். ஒரு வாய் தண்ணீர்கூடத் தரவில்லை.

தெருவுக்கு வந்ததும் சொன்னேன்: "இனிமே பாடாதீங்க அண்ணா. எனக்கே ஒரு மாதிரி இருக்குது."

"பாடலன்னா மட்டும் குடுத்துடுவாங்களா?" என்றார். "நடப்பா. கால் வலிக்குது. இன்னும் ரெண்டு வீடு பாத்துட்டுப் போயிடலாம்."

இப்படியே இரண்டு வருடம் போயிற்று. அவர் குரல் கரகரத்தது. பனங்கற்கண்டைச் சட்டைப்பையிலேயே வைத்திருந்தார். தெருவில் எதிரே வருகிறவர்கள் என்னைக் கண்டால் சந்துக்குள் திரும்பிக்கொண்டார்கள். சேர்ந்த பணம் மரத்துக்கும் ஓட்டுக்கும் போதவில்லை. கடைசியில் தகரம் போட்டோம்.

புதுக் கூரையின் கீழ் முதல் நாடகம். சுற்றுக் கிராமங்களிலிருந்துகூட வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். ராணி மேடைக்கு வந்தபோது மழை பிடித்தது. தகரத்தில் விழுந்த சத்தத்தில் ஆர்மோனியம்கூடக் கேட்கவில்லை. அவர் குரலை ஏற்றினார், மேலும் ஏற்றினார். வாய் அசைவது மட்டும்தான் தெரிந்தது. ஒருவர்மேலும் சொட்டுத் தண்ணீர் விழவில்லை. எல்லோரும் காதில் கையைக் குவித்துக்கொண்டு, நனையாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

திரைக்குப் பின்னால் வந்து பெட்டிமேல் சாய்ந்தார். மஞ்சளும் வேர்வையுமாக முகம் வழிந்தது.

"எதனா கேட்டுச்சா தம்பி?"

இல்லை என்று தலையசைத்தேன். அவர் சவுரியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

தகரத்தின் மேல் கீற்று வேய்ந்தால் சத்தம் அடங்கும் என்று மன்றத்தில் பேசினார்கள். அதற்கு மறுபடியும் வசூல். எல்லோரும் எங்கள் இருவரையும் பார்த்தார்கள்.

"என்னால ஆவாதுப்பா" என்றார் அவர். கிசுகிசுப்பாகத்தான் வந்தது. என்னாலும் ஆகவில்லை. யாரும் போகவில்லை.

தை மாதத்தில் ஒரு நாள் கொட்டகை வாசலில் மாட்டுவண்டி வந்து நின்றது. நிறையக் கீற்று. தென்னேரிப் பக்கத்து விவசாயி ஒருவர் ஓட்டிவந்திருந்தார். நானும் ராணியும் உள்ளே பெருக்கிக்கொண்டிருந்தோம்.

"அன்னிக்குக் குடும்பத்தோட நாடகம் பாக்க வந்தோம்பா. அந்தம்மா வாயத் தொறந்து தொறந்து பாடுது, ஒண்ணும் கேக்கல. பாவமா இருந்திச்சு. இத்த மேல போட்டுக்குங்க, காசெல்லாம் வேணாம்."

ராணிக்கு நான்கு நாள் தாடி. இடுப்பில் துண்டோடு வண்டியிலிருந்து கீற்றை இறக்க ஆரம்பித்திருந்தார். விவசாயி அவரையே கேட்டார்:

"அந்தம்மா உள்ளூருதானா?"

"உள்ளூருதாம்பா."

"அடுத்த நாடகத்துல பாடுவாங்களா?"

அவர் கொஞ்சம் நின்று மூச்சு வாங்கினார். "தொண்டை போயிடுச்சுன்னு சொல்லிக்கினு இருக்காங்க. பாக்கலாம்" என்றார்.

விவசாயி உச்சுக்கொட்டினார். நானும் துடைப்பத்தைப் போட்டுவிட்டுக் கீற்றிறக்கப் போனேன்.