மூடியில் வைத்த பொட்டு

யுத்தத்தின் கடைசி வருடங்களில், கண்டியில் ஒரு தமிழ்ப் பெண் தன் பையில் என்னென்ன வைத்திருக்கலாம் என்று யாரும் எழுதி ஒட்டவில்லை. நாங்களாகவே பயந்து பயந்து தெரிந்துகொண்டோம்.

தேயிலைத் தோட்டங்களில் தொழிலாளர் குடியிருக்கும், பழுதாகிக் கிடக்கும் லயன் அறைகளைப் பார்த்துப் பதிவு செய்வது என் வேலை. ஹந்தானையிலிருந்து பஸ்ஸேறி, பல்லேகலப் பக்கம் இருந்த அலுவலகத்துக்குப் போவேன். எந்த மலையில் எந்த லயன் என்று குறிக்க ஒரு ஜீபீஎஸ் கருவியும், மலிவாக ஒரு சின்ன மடிக்கணினியும் நானே பார்த்து வாங்கிக்கொள்ள வேண்டும் என்றார்கள்.

டவுனில் பழைய கணினி விற்கும் கடைக்குப் போனேன். முதலாளி பக்கத்து ஊரான மடவளைக்காரர், முஸ்லிம். அவர் காட்டிய முதல் கணினி அம்மிக்கல் கனம். அடுத்ததில் பெட்டரி அரை மணித்தியாலம்கூடத் தாங்காது. லயத்தில் கரண்டுக்கு நான் எங்கே போவது? மூன்றாவது சின்னது. எழுத்துகள் தேய்ந்திருந்தன, விழித்தெழ ஆடி அசைந்து நேரமெடுத்தது, ஆனால் பெட்டரி நல்லது. அதையே எடுத்தேன். பிறகு கண்ணாடி அலுமாரியிலிருந்த ஜீபீஎஸ்ஸைக் காட்டினேன்.

"அது வாணாம் தங்கச்சி," என்றார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நான் யாவாரிதான். விக்கத்தான் கடைய தொறந்து வெச்சீக்கிறேன். ஆனா ஒங்கட ஐடென்டியையும் இதையும் ஒண்ணா பாத்தா ஆமிக்காரங்க வேற மாதிரி நெனப்பாங்க."

"அப்ப ஒரு திசைகாட்டியாவது குடுங்க."

"அதுவும் வாணாம். மேப்பும் வாணாம்."

எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. நான் நிற்கும் இடம் எனக்கே தெரிவது குற்றமா? அந்தக் கோபம் கடை வாசல் வரைக்கும்தான் தாங்கியது. சந்தியில் துவக்கோடு இரண்டு சிப்பாய்கள் நின்றார்கள். லயன் இருக்கும் இடத்தை மாரியம்மன் கோயிலுக்கு இடப்பக்கம், பெரிய தண்ணீர்ப் பீலிக்கு மேலே என்று எழுதிக்கொள்ளலாம் என்று நினைத்து வீட்டுக்குப் போய்விட்டேன்.

வீட்டில் புதுப் பொருள் எது வந்தாலும் சாமிப் படத்துக்கு முன்னால் வைத்துத்தான் என் கணவர் தொடுவார். ரேடியோவுக்கும் தையல் மெஷினுக்கும் நடந்தது கணினிக்கும் நடந்தது. மூடி நடுவில் சந்தனம், அதற்கு மேல் வட்டமாகக் குங்குமம். "இனி ஒண்ணும் ஆகாது, தைரியமா கொண்டு போங்க," என்றார்.

மறுநாள் காலை பஸ்ஸில் வழக்கம்போல, சோதனைச்சாவடிக்கு முந்திய வளைவிலேயே முந்தானையால் நெற்றிப் பொட்டைத் துடைத்தேன். அடையாள அட்டையில் என் பெயர் இருக்கத்தான் செய்தது. ஆனால் பொட்டில்லாத முகத்திடம் பல நாட்கள் அட்டையே கேட்கமாட்டார்கள். எனக்குச் சிங்களமும் நன்றாக வரும். அந்தத் துடைப்பில் நான் கெட்டிக்காரி என்று ஓர் எண்ணம் கூட எனக்கு இருந்தது.

ஏறி வந்த சிப்பாய் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கடந்தான். பிறகு திரும்பி, மடியிலிருந்த பையைத் திறக்கச் சொன்னான். கணினியை வெளியே எடுத்தேன். மூடியில் அந்தப் பொட்டு செக்கச்செவேலென்று இருந்தது.

அவன் அதைப் பார்த்தான். என் நெற்றியைப் பார்த்தான். முந்தானையில் ஒட்டியிருந்த சிவப்பையும் பார்த்தான். தமிழச்சி என்பதைவிட, அதை மறைத்த தமிழச்சி என்பதுதான் இப்போது பிரச்சினை. அட்டையை வாங்கிக்கொண்டு இறங்கச் சொன்னான். பஸ் எனக்காக நிற்காமல் போய்விட்டது. அதிலிருந்த ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை; அவர்கள் இடத்தில் நானும் பார்த்திருக்கமாட்டேன்.

மணல் மூட்டைகளுக்குப் பின்னாலிருந்து வயதான அதிகாரி ஒருவர் வந்து கணினியை இயக்கிக் காட்டச் சொன்னார். அது விழிக்கவே மாட்டேன் என்றது. ஒருவழியாகத் திரை வந்தது, உள்ளே ஒன்றுமில்லை.

"வழி காட்டும் கருவி, வரைபடம் ஏதாவது வைத்திருக்கிறாயா?" என்று சிங்களத்தில் கேட்டார்.

"இல்லை மாத்தையா."

பையைக் கொட்டிப் பார்த்தார்கள். மடவளைக்காரரை மனதுக்குள் கும்பிட்டேன்.

"நெற்றியில் இருந்ததை ஏன் அழித்தாய்?"

பத்துப் பொய்கள் வாய் வரை வந்தன. "பயத்தில்," என்றேன்.

அவர் என் அலுவலகத்துக்குப் போன் போட்டு விசாரித்தார். ஒரு மணித்தியாலம் வெயிலில் நின்றேன். கடைசியில் அட்டையையும் கணினியையும் கையில் தந்து, போகலாம் என்றார். பொட்டைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

அடுத்த பஸ்ஸுக்காக றோட்டோரம் நின்றபோது முந்தானையை எடுத்து மூடியைத் துடைத்தேன். சந்தனம் காய்ந்திருந்ததால் எச்சில் தொட்டு அழுத்தித் தேய்க்க வேண்டியிருந்தது. என் கணவர் வைத்த பொட்டை யாரும் அழிக்கச் சொல்லவில்லை. நானாகத்தான் அழித்தேன்.