மோசம் போட்டார்

செவ்வாய்க்கிழமை பகல் பதினொன்றே காலுக்குப் போன் வந்தது. பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில், செட்டிகுளம் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே கடை வைத்திருப்பவர் பேசினார். பெரியவர் ஒருவர் பெஞ்சில் உட்கார்ந்தபடியே சாய்ந்துவிட்டார், சட்டைப்பையில் இருந்த சின்ன நோட்டில் முதல் பெயராக மஞ்சு என்று எழுதி இந்த நம்பர் இருக்கிறது, நீங்கள் யார் என்று கேட்டார். மருமகள் என்றேன்.

"பஸ் வந்து நின்னுச்சும்மா. கண்டக்டர் ரெண்டு தடவ கூப்பிட்டுப் பாத்தாரு. தூங்குறாருன்னு நெனச்சு விட்டுட்டோம்."

நான் போய்ச் சேர்ந்தபோது யாரோ அவர் முகத்தில் துண்டைப் போட்டிருந்தார்கள். மடியில் பிளாஸ்டிக் ஃபைல் அப்படியே இருந்தது. உள்ளே ஒரே ஒரு தாள்.

என் மாமனார் செல்லப்பனுக்கு வயது அறுபத்தேழு. குரும்பலூரில் அடுத்தவர் வயலில் வேலை பார்த்த குடும்பத்தில் எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்த முதல் ஆள். பத்தொன்பது வயதில் பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று திருச்சிக்குப் போனார். சட்டையைக் கழற்றிவிட்டு வெயிலில் நின்ற வரிசையில் அவருக்கு முன்னால் செட்டிகுளத்து வைரக்கண்ணு நின்றார். மார்பளவு அரை அங்குலம் குறைகிறது என்று அவரை ஒதுக்கப் பார்த்தார்கள். பின்னால் நின்ற மாமா, "மூச்ச இழுத்துப் புடிச்சுக்கடா, செத்தாலும் விடாத" என்று காதோரம் சொன்னாராம். இரண்டாவது முறை அளந்தபோது அளவு சரியாக இருந்தது. பத்து வருடம் ஒரே பட்டாலியனில் இருந்தார்கள். லீவுக்கு வரும்போது ஒருவர் வீட்டில் ஒருவர் சாப்பிடாமல் திரும்பியதில்லை. வைரக்கண்ணுவின் மனைவி ஆண்டாயிக்கு மாமா கூடப்பிறக்காத அண்ணன்.

எண்பத்தேழில் அமைதிப்படையோடு இருவரும் யாழ்ப்பாணம் போனார்கள். அதிகாரிகளுக்குத் தமிழ் தெரியாது. மாமாவுக்குத் தமிழும் இந்தியும் ஓரளவு இங்கிலீஷும் தெரியும். அதனால் துப்பாக்கியை விடப் பேனாவைத்தான் அதிகம் பிடித்தார். இயக்கத்திலிருந்து விலகிச் சரணடைந்து வருகிறவர்கள் சொல்வதை மேஜருக்கு மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டும், பிறகு அதை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். பிடிபட்ட நம் ஆட்கள் எங்கே, எத்தனை பேர், உயிரோடு இருக்கிறார்களா என்பதுதான் முதல் கேள்வி. அவர்கள் முகாம் காங்கேசன்துறை சிமெண்ட் ஆலையை ஒட்டி இருந்தது. மேசையில் விரலை வைத்தால் அரியலூர் மாதிரியே வெள்ளைத் தூசி ஒட்டும் என்பார்.

எண்பத்தெட்டு ஜனவரியில் ரோந்து போன வைரக்கண்ணுவும் இன்னும் இரண்டு பேரும் திரும்பவில்லை. ஊரில் ஆண்டாயி கையில் மூன்று மாதக் குழந்தை, அறிவரசன்.

ஐந்து வாரம் கழித்து இயக்கத்தின் வேன் டிரைவர் ஒருவர் தானாக வந்து சரணடைந்தார். முப்பது வயதிருக்கும். பிடிபட்ட சிப்பாய்கள் மூன்று பேரைத் தன் வண்டியில் ஏற்றிப் போனதாகச் சொன்னார். வாழைத்தோட்டத்து வீடு ஒன்றில் வைத்திருந்தார்களாம். அதில் ஒருவர் தமிழ் ஆள். தன் ஊர் மலையில் முருகன் வேலுக்குப் பதில் கரும்பைப் பிடித்துக்கொண்டு நிற்பார் என்று அந்த ஆள் சொன்னதாகச் சொல்லிச் சிரித்தார். செட்டிகுளம் முருகனைத் தவிர வேறு யாராக இருக்கும்? வைரக்கண்ணுதான் என்று மாமாவுக்குத் தெரிந்துவிட்டது. மேஜருக்கோ அவசரம். மத்தியானத்துக்குள் பிடிபட்டவர்கள் பட்டியல் வயர்லெஸ்ஸில் போக வேண்டும், ரோந்துப் படை வெளியே தயாராக நிற்கிறது.

அந்தத் தமிழ் ஆள் இப்போது எங்கே என்று மாமா கேட்டார்.

"அவர் மோசம் போட்டார் ஐயா. நாங்கள் நாலு பேரும் சேந்துதான் கொண்டுபோனம்" என்றார் டிரைவர்.

எங்கே கொண்டுபோனீர்கள்?

"பனங்காட்டுப் பக்கம்."

போய்விட்டார் என்பதை அந்த ஊரில் போட்டார் என்பார்கள், அது மாமாவுக்குத் தெரியும். மோசம் போனான் என்றால் நம் ஊரில் ஏமாந்துபோனான் என்று அர்த்தம். நில விஷயத்தில் மோசம் போனான், கல்யாணத்தில் மோசம் போனாள் என்போம். வைரக்கண்ணுவை ஏதோ சொல்லி ஏமாற்றி, நான்கு பேர் சேர்ந்து வேறு இடத்துக்கு மாற்றியிருக்கிறார்கள் என்று மாமா புரிந்துகொண்டார். அப்படியே மேஜருக்குச் சொன்னார். மேஜர் எழுதுவதை நிறுத்தாமலே, "ஜிந்தா ஹை?" என்று கேட்டார். உயிரோடு இருக்கிறானா?

அந்தக் கேள்வியை டிரைவர் பக்கம் திருப்பியிருக்க வேண்டும். அதற்குத்தான் மாமாவை அங்கே உட்கார வைத்திருந்தார்கள். மாமா திருப்பவில்லை. "ஜி சாப்" என்றார், ஆமாம் ஐயா என்று.

ரோந்துப் படை பனங்காடு முழுக்கத் தேடிவிட்டு வெறுங்கையோடு திரும்பியது. மறுநாள் டிரைவரை வேறு முகாமுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். வைரக்கண்ணுவின் பெயர், உயிருடன் சிறைப்பட்டவர் என்ற பட்டியலில் ஏறியது. மாமா ஆண்டாயிக்கும் தன் கைப்பட ஒரு கடிதம் எழுதினார். பார்த்தவனிடமே என் காதால் கேட்டேன், உயிரோடு இருக்கிறான், தைரியமாக இரு.

படை திரும்பிய பிறகும் வைரக்கண்ணு வரவில்லை. சில வருடங்கள் கழித்து, இறந்ததாகக் கருதப்படுகிறது என்று ராணுவத்திலிருந்து காகிதம் வந்தது. ஆண்டாயி அதை வாங்கிக்கொள்ளவில்லை. பார்த்தவன் சொன்னதை அண்ணன் காதால் கேட்டிருக்கிறார், பார்க்காதவன் கருதுவதை நான் ஏன் நம்ப வேண்டும் என்று தபால்காரரைத் திருப்பி அனுப்பிவிட்டார். தாலியோடும் பொட்டோடும்தான் இன்றுவரை இருக்கிறார்.

ஓய்வு பெற்று வந்த மாமா அரியலூர்ப் பக்கம் ஒரு சுண்ணாம்புக்கல் குவாரியில், லாரிகளை நிறுத்து எடை எழுதும் வேலையில் இருபது வருடம் இருந்தார். ஒரு எண்ணைக்கூட அடித்துத் திருத்தியதில்லை என்று அங்கே இன்னும் சொல்கிறார்கள். மாமியார் போன பிறகு எங்களோடு இருந்தார்.

மூன்று வருடத்துக்கு முன் பொங்கலுக்கு வீட்டுக்குப் பெயிண்ட் அடித்தோம். துறைமங்கலம் இலங்கைத் தமிழர் முகாமிலிருந்து யோகராசா என்பவர் வந்தார். ஒருநாள் வராமல் மறுநாள் வந்தார். ஏன் வரவில்லை என்று மாமா கேட்டார்.

"எங்கட மாமி மோசம் போட்டா ஐயா. அதான் வரேல்லை."

"அடடா. யாரு ஏமாத்துனது?"

யோகராசா பிரஷை டப்பாவின் விளிம்பில் வழித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். "ஏமாத்தேல்லை ஐயா. செத்துப்போனா. நாங்கள் அப்பிடித்தான் சொல்லுறது. நேற்றுத்தான் கொண்டுபோய் எடுத்தம்."

மாமா பின்பக்கம் போய் உட்கார்ந்தார். இரண்டு நாள் சாப்பாடு சரியாக இறங்கவில்லை. காரணம் எங்களுக்குத் தெரியாது. அதற்குப் பிறகு அவரிடம் புதிதாக ஒரு பழக்கம் வந்தது. யார் எது சொன்னாலும், "திரும்பச் சொல்லு" என்பார். பால்காரர் நாளைக்கு வரமாட்டேன் என்றாலும் திரும்பச் சொல்ல வேண்டும். "ஓங்க மாமனாருக்கு ஒரு தடவ சொல்றதுக்கு நாலு எருமையில பால் கறந்துடலாம்" என்று பால்காரர் சலித்துக்கொண்டார். என் கணவர் சக்தி அவரைக் காது டாக்டரிடம் கூட்டிப் போனார். மெஷின் வைத்துப் பார்த்துவிட்டுக் காது நன்றாக இருக்கிறது என்றார்கள்.

செட்டிகுளத்துக்கு அடிக்கடி போக ஆரம்பித்தார். போவார், சாப்பிடுவார், வந்துவிடுவார். பங்குனி உத்திரத்துக்குப் போனார், வெங்காய அறுவடைக்குப் போனார். சொல்லத்தான் போகிறார் என்பதும், சொல்லாமல் திரும்புகிறார் என்பதும் எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

இந்த வருடம் ஆடியில் அறிவரசன் குரும்பலூர் வந்தான். முப்பத்தேழு வயது, இரண்டு குழந்தைகள், ஒழுகுகிற ஓட்டு வீடு. வீட்டு மனை அப்பா பெயரில் இருக்கிறது. வாரிசுச் சான்று இல்லாமல் பட்டா மாறாது, அப்பா இறந்துவிட்டார் என்று அம்மா கையெழுத்துப் போடாமல் வாரிசுச் சான்று கிடைக்காது. தாலுகா ஆபீசில், உங்கப்பா உயிரோடு இருந்தால் கூட்டிக்கொண்டு வாயேன் என்று கிண்டல் செய்கிறார்களாம்.

"நீங்க ஒரு பொய் சொல்லுங்க மாமா" என்றான். "அப்பா செத்துட்டாருன்னு இப்பத்தான் தகவல் வந்துச்சுன்னு சொல்லுங்க. நீங்க சொன்னா மட்டுந்தான் அம்மா நம்பும்."

மாமா வழக்கமாகக் கேட்பதுபோல, திரும்பச் சொல் என்று அவனிடம் கேட்கவில்லை.

அவன் போன பிறகு என்னைக் கூப்பிட்டு முழுவதையும் சொன்னார். முருகனின் கரும்பு, பனங்காடு, ஜி சாப், யோகராசாவின் மாமி. சொல்லி முடித்ததும், "அந்தப் பய என்னைப் பொய் சொல்லச் சொல்றான் மஞ்சு. அது பொய் இல்லம்மா" என்றார். நீயும் கூட வா என்றார். ஸ்கூட்டியில் உட்கார வைத்துக் கூட்டிப் போனேன். ஆலத்தூர் கேட் தாண்டியதும் வண்டியைத் திருப்பச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை.

ஆண்டாயி அத்தை வெங்காயம் சேமித்து வைக்கும் பட்டறைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயத்தின் காய்ந்த தாளை அறுத்துக்கொண்டிருந்தார். மாமா உட்காரவில்லை. நின்றபடியே சொன்னார். டிரைவர் சொன்ன வார்த்தையை அப்படியே சொன்னார், அதற்கு நம் ஊர் அர்த்தம் எது, அந்த ஊர் அர்த்தம் எது என்று சொன்னார். உயிரோடு இருக்கிறானா என்று தான் கேட்கவே இல்லை என்பதையும் சொன்னார்.

அத்தையின் கை நிற்கவில்லை. இரண்டு மூன்று வெங்காயம் அறுபட்டுக் கூடையில் விழுந்தது.

"திரும்பச் சொல்லுங்க" என்றார்.

மாமா முதலிலிருந்து திரும்பச் சொன்னார்.

"அப்ப மோசம் போனது நாந்தானாண்ணே."

அத்தை அரிவாளைக் கீழே வைத்தார். குரல் உயரவே இல்லை.

"அறிவு ஒங்க வூட்டுக்கு வந்தது எனக்குத் தெரியும். என்ன கேக்க வந்தான்னும் தெரியும். அவனுக்காவச் சொல்றீங்களோ, நெசமாச் சொல்றீங்களோ, நான் எதக் கண்டேன்? அன்னிக்குத் தப்பாக் கேட்ட காது, இன்னிக்குச் சரியாக் கேட்டுச்சுன்னு நான் எப்படி நம்புறது?"

"நெசந்தான் ஆண்டாயி."

"அன்னிக்கு எழுதித்தானே குடுத்தீங்க, கையெழுத்துப் போட்டு? இதயும் எழுதிக் குடுங்க. ஒங்க கையால. வாய்ல பொய் சொன்னாலும் சொல்லுவீங்க, எழுத்துல பொய் சொல்ல மாட்டீங்க. எழுதிக் குடுத்தீங்கன்னா இதக் கழட்டிடுறேன்."

கழுத்திலிருந்த மஞ்சள் கயிற்றைத் தொட்டுக் காட்டிவிட்டு மறுபடி அரிவாளை எடுத்துக்கொண்டார். எங்களைச் சாப்பிடச் சொல்லவில்லை. அந்த வீட்டில் அது முதல் தடவை என்று திரும்பும் வழியில் மாமா சொன்னார்.

பதினோரு நாள் எழுதினார். அன்றைக்கு எழுதிய மாதிரியே, தேதி, இடம், எந்த அறை, யார் யார் இருந்தார்கள், டிரைவர் சொன்னது, தான் சொன்னது என்று வரிசையாக. நான் கம்ப்யூட்டரில் அடித்துத் தருகிறேன் என்றேன், வேண்டாம், என் கையெழுத்து ஆண்டாயிக்குத் தெரியும் என்றார். பக்கம் சீக்கிரம் முடிந்துவிட்டது. கடைசி வரியில்தான் நின்றுவிட்டார். ஒருநாள் வந்து, காலமானார் என்று எழுதலாமா என்று கேட்டார். எழுதுங்கள் என்றேன். வீட்டில் கட்டிலில் கிடந்து போனவனுக்கு எழுதுவது மாதிரி இருக்கிறது என்று போய்விட்டார். வீரமரணம் என்று எழுதினால் அவன் எப்படிப் போனான் என்று எனக்கே தெரியாதே என்றார். இறந்தார், செத்தார், உயிர் நீத்தார் என்று பழைய காலண்டர் தாளின் பின்புறத்தில் ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதி எல்லாவற்றையும் அடித்திருந்தார். எடைமேடையில் ஒரு எண்ணைக்கூட அடிக்காத கை அது.

திங்கட்கிழமை சாயங்காலம், நாளைக்குச் செட்டிகுளம் போய்விட்டு வருகிறேன் என்றார். எழுதி முடித்துவிட்டீர்களா என்றேன். ஆண்டாயி முன்னால் உட்கார்ந்து முடித்துக்கொள்கிறேன், அது என்ன வார்த்தை சொல்கிறதோ அதையே போட்டுக்கொள்கிறேன் என்றார். நானும் வருகிறேன் என்றதற்கு, காலேஜ் வேலைக்கு லீவு போடாதே, பஸ்ஸில் போய்க்கொள்கிறேன் என்றார்.

எடுக்கிற அன்று அத்தை வந்தார். நெற்றியில் பொட்டு, தலையில் ஒரு துண்டு கனகாம்பரம். அழவில்லை. கால்மாட்டில் நின்று பார்த்துவிட்டு என் பக்கம் வந்து, "எழுதுனாரா?" என்று மட்டும் கேட்டார். எழுதினார் என்றேன். கொடு என்று கேட்கவில்லை, நானும் எடுத்துக் கொடுக்கவில்லை.

மூன்றாம் நாள் அறிவரசன் வந்து தாளைப் பார்த்தான். "ஒரு வார்த்ததானக்கா. மாமா எழுத்து மாதிரியே நீங்க எழுதிடுங்க. யாருக்குத் தெரியப் போவுது?" என்றான். பேனாவையும் அவனே எடுத்து வைத்தான். நான் அந்தத் தாளை வாங்கி ஃபைலுக்குள் போட்டேன். அவன் எழுந்து போய்விட்டான்.

தாள் இப்போதும் ஃபைலில் இருக்கிறது. தேதி இருக்கிறது, செல்லப்பன் என்ற கையெழுத்து இருக்கிறது, கையெழுத்துக்குக் கீழே அவருடைய பழைய ராணுவ எண்கூட இருக்கிறது. கடைசி வரி, ஆகையால் வைரக்கண்ணு, என்று தொடங்குகிறது. வரியின் முடிவில் முற்றுப்புள்ளியும் வைத்திருக்கிறார். இரண்டுக்கும் நடுவில் மூன்று விரல் அகலத்துக்கு வெறும் தாள் இருக்கிறது.