பாய் சூடாக இருந்தது

2014 கோடையில், ஒரகடத்துப் பட்டறை ஒன்றில் கிரைண்டிங் பார்த்துக்கொண்டிருந்த இசக்கிதுரையின் கண்ணில் இரும்புத்தூள் அடித்தது. டாக்டர் இரண்டு கண்களையும் கட்டிவிட்டார். கட்டு அவிழ்க்கும்வரை படப்பையில் அவன் வாடகைக்கு இருந்த ஷீட் போட்ட அறைதான் கதி. கூட இருந்த சக்திகுமாரும் நாங்குநேரிப் பக்கத்துக்காரன். செல்போன் கம்பெனியில் லைன் வேலை. காலையில் சொல்லிக்கொண்டு கிளம்பிவிடுவான். மதியம் வீட்டுக்கார அம்மா செல்வமேரி கஞ்சி கொண்டுவந்து கொடுப்பார்.

முதலில் அந்த அறை அவனுக்குப் பிடிபடவே இல்லை. சுவரைத் தடவிப் போய்க் குடத்தில் இடித்துக்கொண்டான். போகப்போகக் காது பழகியது. வெயில் ஏறினால் கூரை ஷீட் சடசடக்கும். கன்டெய்னர் லாரி போனால் சுவர் உள்ளங்கையில் அதிரும். கதவு திறந்தால் கீல் ஒரே கீச்சாகக் கத்தும்.

ஒருநாள் முற்பகலில் அந்தக் கீச் சத்தம் இழுத்து இழுத்துக் கேட்டது. யாரோ கதவை மெல்ல மெல்லத் திறக்கிறார்கள். யாரென்று கேட்டான். கீச் சத்தம் சட்டென்று நின்றது. மறுநாள் யாரோ டம்ளரைச் சத்தமில்லாமல் வைக்கப் பார்த்தார்கள்; அது குடத்தில் பட்டு ஒலித்தது. அவன் தட்டுத்தடுமாறி எழுவதற்குள் கதவு மூடிக்கொண்டது. மூலையில் சக்திகுமாரின் பாயைத் தொட்டுப் பார்த்தான். காலையிலேயே ஷிப்டுக்குப் போனவனின் பாயில், இப்போதுதான் யாரோ படுத்து எழுந்த சூடு இருந்தது.

வெளியிலிருந்து வருவதென்றால் யார்? இன்னொரு சாவி செல்வமேரியிடம் இருந்தது. கஞ்சி கொண்டுவந்தவரிடம், எனக்குக் கண் தெரியாது என்ற தைரியத்தில் உள்ளே வந்து என்ன தேடுகிறீர்கள் என்று கேட்டேவிட்டான்.

"இன்னா தம்பி, உன் ரூம்ல நான் இன்னாத்த தேடப் போறேன்?" என்றார் அவர். அதற்குப்பின் கிண்ணம் வாசற்படியில் வைக்கும் சத்தம் மட்டும்தான் வந்தது. பேச்சு நின்றது. கையும் களவுமாக மாட்டிவிடுவோம் என்று அவருக்குப் பயம் என எண்ணிக்கொண்டான்.

அடுத்த நாள் குறட்டை விடுவதுபோல் படுத்திருந்தான். கதவு இழுபட்டது. கால் வைக்கும் அதிர்வு தரையில் பதிந்த அவன் கன்னத்தில் தெரிந்தது. பக்கத்தில் வந்ததும் எட்டிப் பிடித்தான். கையில் சிக்கியது பேன்ட் போட்ட கால்.

"யாருலே?"

உதறப் பார்த்த கால் அப்படியே நின்றது.

"நாந்தாம்ல."

சக்திகுமாரை வேலையிலிருந்து நிறுத்தி இரண்டு வாரம் ஆகியிருந்தது. ஊரில் சொல்லவில்லை. பகலெல்லாம் வல்லக்கோட்டைக் கோயிலில் உட்கார்ந்திருந்தான். அங்கேயும் ஆட்கள் விசாரிக்கத் தொடங்கவே அறைக்குத் திரும்பினான்.

"ஒனக்குக் கண்ணக் கெட்டிப் போட்டிருக்குல்லா. தெரியாதுன்னு நெனச்சேன்."

இசக்கிதுரைக்குக் கோபம் வரவில்லை. பிடித்த காலை விடவும் தோன்றவில்லை.

கட்டு அவிழ்த்த அன்றே செல்வமேரியிடம் போய் மன்னிப்புக் கேட்டான். பரவாயில்லை என்றார். ஆனால் அதற்குப்பின் அவன் அறைப்பக்கம் வரும்போதெல்லாம், தான் வருவது தெரியட்டும் என்று தொலைவிலேயே செருமிக்கொண்டுதான் வந்தார்.

சக்திகுமார் குன்றத்தூரில் ஒரு குடோனில் வேலை கிடைத்ததாகச் சொல்லி அறையைக் காலி செய்தான். அவ்வப்போது போன் செய்வான். டூட்டியில் இருப்பதாகச் சொல்லும்போது இசக்கிதுரை பேச்சைக் கொஞ்சம் நிறுத்திவிட்டு, அவன் குரலுக்குப் பின்னால் சுமை இறக்கும் சத்தம் ஏதாவது கேட்கிறதா என்று காதைத் தீட்டுவான்.